மாறச் சொல்லுங்க

மாப்ள,

நேற்று தல்லாகுளம் பஸ் ஸ்டாப்பில் மூச்சு நின்று விழுந்தாரே, நாம் இருவரும் மாறி மாறி நெஞ்சை அழுத்திய மனிதர் பிழைத்துவிட்டார். இதை உன்னிடம் சொல்லச் சொன்னால் உன் அக்கா, "நாலு வருசமா உங்களுக்குள்ள தூது போனது போதும், நீங்களே எழுதுங்க" என்றுவிட்டாள்.

ஆபீஸ் முதலுதவிப் பயிற்சியில் ரப்பர் பொம்மையையே சாகடித்தவன் நான். முப்பது முறை அழுத்திவிட்டு நிமிர்ந்தால் எதிரே நீ குனிந்து மூச்சு ஊதுகிறாய். அப்போதும் என் வீம்பு போகவில்லை. கை ஓய்ந்ததும் பக்கத்தில் நின்ற பூக்கார அம்மாவிடம், "அவரை மாறச் சொல்லுங்க" என்றேன். நீயும் அவளிடமே, "அவரைச் சத்தமா எண்ணச் சொல்லுங்க" என்றாய்.

"இம்புட்டுப் பக்கத்துல இருந்துக்கிட்டு என்கிட்ட ஏன்யா சொல்றீங்க? அங்க மனுசன் போய்க்கிட்டிருக்காரு" என்று அவள் திட்டினாள்.

உடனே நீ, "மாமா, மாறுங்க" என்றாய். அதன்பிறகு ஆம்புலன்ஸ் வரும்வரை நம் கணக்கு பிசகவில்லை. வண்டி போனதும் நீ ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

அந்த 'மாமா' அவசரத்தில் வாய்தவறி வந்ததா, எனக்கென்றே சொன்னதா? யோசித்து யோசித்துக் காலையில் காபியில் உப்பைப் போட்டுக் குடித்தேன். நாலு வருசம் முன்பு உன் மகள் காதுகுத்தில் மைக்கைப் பிடித்து உன்னைப் பற்றி நான் அடித்த கேலிக்கு இன்றுவரை யாரும் சிரிக்கவில்லை. அதைப் பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை.

அந்த மனிதருக்கு இரண்டு விலா எலும்பு முறிந்திருக்கிறதாம். யார் கைவரிசையோ. ஞாயிறு காலை பத்து மணிக்கு ஆஸ்பத்திரியில் அவரைப் பார்க்கப் போகிறேன், நீயும் வா. என்னைத் திட்ட வேண்டுமென்றால் நேராகத் திட்டு.

இப்படிக்கு,
உன் அக்காவைக் கட்டிய பாவி