பூதத்துக்குள் இருந்தவளுக்கு

இன்று காலை பூதத்தின் உடுப்பை மொட்டை மாடியில் காயப்போட்டேன். நேற்று ஆளாளுக்கு வாங்கிப் போட்டுப் பார்த்ததில் உள்ளே ஒரே ஈரம். வெயில் ஏற ஏற ஸ்பாஞ்சும் ரப்பர் பசையும் நாறத் தொடங்கின. அந்த நாற்றத்துக்கு நடுவே உன் பவுடர் வாசம். உடுப்புக்குள் நுழையும் முன்னால் கழுத்தில் அள்ளி அள்ளிக் கொட்டிக்கொள்வாயே, அதே மல்லிகைப் பவுடர். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். நேற்று நடந்ததை உனக்குச் சொல்லாமல் எப்படி ஷிப்டுக்குப் போவது?

பூதப் பட ரசிகர்களுக்கென்று நம் ஓசூரில் ஒரு மாநாடு நடந்தது. பாகலூர் ரோட்டில் ஒரு கல்யாண மண்டபம். அத்திப்பள்ளி தாண்டிப் பெங்களூர் ஆட்கள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கினார்கள். அட்டையில் வால் செய்து கட்டியவர்கள், முகம் முழுக்கப் பச்சை பூசியவர்கள், அப்பாவின் தோளில் கொம்போடு உட்கார்ந்திருந்த குழந்தைகள். கன்னடமும் தெலுங்கும் தமிழும் கலந்து ஒரே இரைச்சல். சாயங்காலம் நம் படத்தின் முன்னோட்டம். மேடைக்குப் பின்னால் ரகு அண்ணன் நகத்தைக் கடித்துத் துப்பிக்கொண்டிருந்தார். கம்பெனியில் எந்த மெஷின் நின்றாலும் பதறாத மனிதர் அவர். தான் எடுத்த படத்துக்கு இப்படி நடுங்குகிறாரே என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

முதல் நாள் படப்பிடிப்பு ஞாபகம் இருக்கிறதா? கிருஷ்ணகிரிப் பக்கம் கைவிட்ட கல்குவாரி. பூதமாக நடிக்க வந்தவர் நல்ல பயில்வான் உடம்பு. தலையை மாட்டியதும் உள்ளே இருட்டாக இருக்கிறதென்று அலறி, கழற்றிப் போட்டுவிட்டுப் போய்விட்டார். டீயும் சாப்பாடும் எடுத்துக் கொடுக்கத்தான் நம் இரண்டு பேரையும் ரகு அண்ணன் கூட்டிப் போயிருந்தார். எல்லோரும் விழித்துக்கொண்டு நிற்க, நீ டீ கேனைக் கீழே வைத்தாய்.

"நான் போட்டுப் பாக்கட்டா?"

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் நீ பூதம். முதுகு ஜிப்பை இழுத்துவிடுவதும், காட்சிக்குக் காட்சி உனக்கு அட்டையால் விசிறுவதும் என் வேலை.

நடை மட்டும் உனக்கு வரவேயில்லை. ஏதோ மூட்டை உருண்டு வருவதுபோல இருக்கிறதென்று ரகு அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகொரு நாள் சானமாவு காட்டுப் பக்கம் யானைகள் ரோட்டைக் கடக்க, நம் கம்பெனி பஸ் ஓரம் கட்டி நின்றது. எல்லோரும் செல்போனைத் தூக்கிக்கொண்டிருக்க, நீ கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாய். "ஏட்டி, அது அவசரமே படல பாரு," என்றாய். அடுத்த ஞாயிறு நீ நடந்து வந்ததைப் பார்த்து கேமராக்காரர் தன்னை அறியாமல் ஒரு அடி பின்னால் போனார்.

போஸ்டரில் உன் பெயரைப் போட வேண்டாம் என்று நீதான் சொன்னாய். ஞாயிறுகளில் நீ ஓவர்டைம் பார்ப்பதாகத் திருநெல்வேலியில் உன் வீட்டார் நினைத்துக்கொண்டிருந்தார்கள். சினிமா என்று தெரிந்தால் அப்பா பஸ் ஏறி வந்து கூட்டிப்போய்விடுவார் என்று பயந்தாய். படம் முடியட்டும், நானே சொல்லுதேன் என்றாய். மழைக்காலத்துக் காய்ச்சல் அதற்கு நேரம் கொடுக்காமல் உன்னைக் கொண்டுபோய்விட்டது. மிச்சமிருந்த ஒரே ஒரு காட்சிக்கு உடுப்பை நான் போட்டுக்கொண்டேன். நீ படத்தில் நடித்ததை உன் அம்மாவுக்கும் நான்தான் போனில் சொன்னேன். கேட்டதும் போனை வைத்துவிட்டார். இருந்தாலும் மாநாட்டுக்குக் கூப்பிட்டிருந்தேன். வருவார் என்று நினைக்கவில்லை. நேற்று உன் தம்பியோடு வந்து, பச்சை முகங்களுக்கு நடுவே முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

விளக்கை அணைத்தார்கள். குவாரித் தண்ணீர் மெல்லக் கலங்கியது. நீ எழுந்து, ஒவ்வொரு படியாகக் கல்லில் ஏறி வந்தாய். அப்புறம் அந்த இடம். மேலே வந்த களைப்பில், கேமரா ஓடுவதை மறந்து, இடுப்பில் கை வைத்து நின்றாயே, அது. "குழாயடிச் சண்டைக்கு நிக்கிற மாதிரி இருக்குதும்மா, வெட்டிடலாம்," என்று ரகு அண்ணன் அன்று சொன்னார். உடுப்புக்குள்ளிருந்து நீ கேட்டாய்: "ஏன், பூதத்துக்கு இடுப்பு வலிக்காதோ?" அதனால்தான் அது படத்தில் நின்றது.

அந்த இடத்தில் மண்டபமே எழுந்துவிட்டது. விசில், கூச்சல், நாற்காலிகள் சரியும் சத்தம். குழந்தைகள் எல்லாம் இடுப்பில் கை வைத்துக்கொண்டு உறுமின. திரும்பப் போடு என்று மூன்று மொழியிலும் கத்தினார்கள். போட்டார்கள். இன்னொரு முறையும் போட்டார்கள். ரகு அண்ணன் என் தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டே இருந்தார்.

விளக்கு வந்ததும் நிகழ்ச்சி நடத்திய பெண், உடுப்புக்குள் இருந்தது யார் என்று மேடையிலிருந்து கேட்டாள். கையில் பூதத் தலையோடு நான் நின்றதால் எல்லோரும் என்னைப் பார்த்துக் கைதட்டத் தொடங்கினார்கள். மைக்கை என் வாயருகே நீட்டினாள். நான் இல்லை என்று சொல்லலாம். யாரென்று உன் வீட்டார் முன்னால் எப்படிச் சொல்வது?

முன்வரிசையில் உன் அம்மா எழுந்தார். படியேறி வந்து மைக்கை வாங்கினார்.

"அது எம் மவ. என்கிட்ட கோவிச்சுக்கிட்டா வீட்டுல இப்படித்தான் நிப்பா."

பிறகு உன் பெயரைச் சொன்னார், உன் அப்பா பெயரையும் சேர்த்து. நீ இப்போது இல்லை என்பதையும் அவரே சொன்னார். பின்னாலிருந்து யாரோ உன் பெயரைக் கூப்பிட்டார்கள். அடுத்த நிமிடம் மண்டபம் முழுக்க உன் பெயர்தான். உன் அம்மா அழவில்லை. கூட்டத்தை ஆச்சரியமாகப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கீழே இறங்கியதும் பச்சை முகத்தோடு ஒரு பெண் போஸ்டரையும் பேனாவையும் நீட்டி, ஒரு கையெழுத்து என்று கெஞ்சினாள். "என்ன எழுத?" என்று அம்மா என்னைக் கேட்டார். நான் பதில் சொல்லும் முன்னே குனிந்து, எழுத்தெழுத்தாக உன் பெயரை எழுதினார். பார்த்துக்கொண்டிருந்தவர்கள் வரிசை கட்டினார்கள். ஒருவரையும் விடாமல் எல்லோருக்கும் உன் பெயரையே எழுதிக் கொடுத்தார்.

நானும் வரிசையில் நின்றேன். போஸ்டர் தீர்ந்துவிட்டதால் கம்பெனி அடையாள அட்டையின் பின்பக்கத்தை நீட்டினேன். அம்மா என்னை நிமிர்ந்து பார்த்துச் சிரித்துவிட்டு எழுதினார். இன்று மதிய ஷிப்டுக்கு அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போகிறேன். முன்னால் என் பெயர், நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு உன் பெயர்.