நான்காம் பெட்டியின் அட்டைகள்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. நாங்கள் மூவரும் சுகம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நிம்மதியாக இருப்பாய் என்று நம்புகிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் குறைந்திருக்கிறது, ஆனாலும் இன்னும் வேலைக்குப் போக முடியவில்லை, மாத்திரை போட்டீர்களா என்று கேட்டால் போட்டாயிற்று என்று கூசாமல் பொய் சொல்கிறார். என் கையெழுத்து உனக்குப் புரியாது என்பதால் வழக்கம்போல் நான் சொல்லச் சொல்ல உன் தங்கைதான் எழுதுகிறாள். சேதியே அவளைப் பற்றித்தான் என்றதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். எழுதித்தான் ஆகவேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

நான் கண்ணாடி துடைக்கும் அருங்காட்சியகத்திலேயே அவளுக்கும் வேலை கிடைத்ததே, பொருள்களுக்குக் கீழே வைக்கும் விவர அட்டைகளை அச்செடுத்து வெட்டி ஒட்டும் வேலை, அதில் அவள் பட்ட பாடு கொஞ்சமல்ல. சும்மா இருக்கும்போதே வெடிப்பதால் நாங்கள் கடுகு என்று சொல்லும் மேற்பார்வையாளர், நூலளவு பிசகினாலும் திரும்ப வெட்டச் சொல்வார், பள்ளிக்கூடத்தப் பாதியில விட்டவளுக்கு இதுவே பெரிசு என்று எல்லார் முன்னும் குத்துவார். புதுக் கூடத்தில் நான்காவது பெட்டி முழுக்கக் கூடைகளும் மீன்பொறிகளும். அவர் கொடுத்த பட்டியலில் ‘காட்டுவாசிகளின் கூடை’ என்று இருந்தது. அது அவளுக்கு உறுத்தவே, யாரையும் கேட்காமல் ‘வனத்தின் செல்லப் பிள்ளைகள்’ என்று முப்பத்தாறு அட்டைகளையும் மாற்றிவிட்டாள். கிழிந்த கூடையைச் சரிசெய்ய அந்த மக்களிலேயே ஒரு கூடைக்காரம்மா வந்திருந்தார். படித்துவிட்டுச் சிரித்தார். பிள்ளைங்களா, என் மாமியாருக்கு எழுபது வயசு, மடியில வச்சுக் கொஞ்சுவியா என்றார். உன் தங்கைக்கு முகம் செத்துப்போயிற்று. ஆனால் பஸ்ஸில் மீதிச் சில்லறை கேட்கக்கூட என்னை அனுப்புகிறவள், அப்ப எப்படிக்கா எழுதணும் என்று அவளாகவே கேட்டாள். எங்களுக்குன்னு ஒரு பேர் இருக்கு, அத எழுது, பல கூட்டத்தச் சேத்துச் சொல்லும்போது பழங்குடி மக்கள்னு சொன்னா எங்களுக்குச் சம்மதம், மத்தவங்கள அவங்ககிட்டயே கேளு, வாழ்ந்தார்கள்னு மட்டும் போடாத, நான் உன் முன்னாலதான உக்காந்திருக்கேன் என்றார். பெட்டியிலிருந்த பெரிய கூடையைப் பின்னியது அவருடைய சித்தியாம், அவர் பெயரையும் போடச் சொன்னார்.

அவர் சொன்னபடி இவள் அச்செடுத்த புது அட்டைகளைக் கடுகு கிழித்துப்போட்டு, பட்டியல்ல இருக்கறத ஒட்டு, இல்லன்னா நாளையிலேர்ந்து வராத என்றார். எங்கள் இருவர் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது, அதனால் நானும், மறைப்பானேன், நமக்கெதுக்கும்மா வம்பு, ஒட்டிடு என்றுதான் சொன்னேன். அவள் ஒட்டவில்லை. மறுநாள் இயக்குநர் மேடம் பார்வையிட வந்தபோது நான்காம் பெட்டி அட்டையில்லாமல் நின்றது. இந்தப் பொண்ணு சொன்ன பேச்சு கேக்கல மேடம் என்று கடுகு முந்திக்கொண்டார். உன் தங்கை கொசு பறக்கிற குரலில், ஆனால் நிறுத்தாமல், அவங்களக் கேக்காம எழுதி நானும் ஒரு தடவ தப்பு பண்ணேன் மேடம், இப்ப கேட்டு எழுதியிருக்கேன் என்று சொல்லி, பையிலிருந்து மறுபடி அச்செடுத்த முப்பத்தாறையும் நீட்டினாள். மேடம் கூடைக்காரம்மாவை வரவழைத்து ஒவ்வொன்றாகப் படிக்கச் சொன்னார். இரண்டில் திருத்தம், மற்றதற்கெல்லாம் தலையசைப்பு. அந்த இரண்டையும் திருத்தியதும் மேடம் அட்டைகளைக் கடுகின் கையிலேயே கொடுத்து ஒட்டச் சொல்லிவிட்டார். மண்டியிட்டு ஒட்டினார். நூலளவு கோணல் சார் என்று உன் தங்கை சொன்னாள். அந்த வரியை எழுத மாட்டேன் என்று இப்போதும் அடம்பிடிக்கிறாள்.

திறப்பு நாளில் கூடைக்காரம்மாவின் சித்தியும் வந்தார். பெயரைப் படித்துக் காட்டியதும் கூடையை உற்றுப் பார்த்து, இது அவசரத்துல பின்னுனது, பேர் போட்டப்புறம் இது இங்க இருக்கக் கூடாது, வீட்ல இதவிட நல்லது இருக்கு என்று பிடிவாதமாகச் சொல்லிவிட்டார். அதை வாங்கிவர, மிச்ச இரண்டு கூடங்களின் அட்டைகளுக்கும் அங்கங்கே போய்ப் பெயர் கேட்டு எழுதிவர, மேடம் இவளைத்தான் அனுப்புகிறார். திங்கட்கிழமை முதல் பயணம், நான் துணைக்கு வரட்டுமா என்றால் வேண்டாமாம்.

உனக்கு ஆயுளும் ஆரோக்கியமும் குறைவில்லாமல் இருக்கட்டும். அவளுக்கென்று தனியாக நாலு வரி எழுது, மறந்துவிடாதே. போனில் என்றால் வெட்கப்பட்டு என்னிடம் கொடுத்துவிடுவாள்.

இப்படிக்கு,
உங்கள் இருவரையும் பெற்ற
அம்மா