மூடியைத் திறக்கக்கூடாத அடுப்பு

அன்புள்ள கனகவல்லிக்கு, நான் சுகம். பாப்பாவுக்கு இருமல் நின்றதா?

இங்கே சிங்கப்பூரில் எங்கள் கிராஞ்சி செடிப்பண்ணை முதலாளி, கொல்லையில் வைத்துக் கறியைப் புகையில் வேகவைக்க, அதிகம் பராமரிப்பு இல்லாத ஸ்மோக்கராகப் பார்த்து வாங்கச் சொன்னார். கரி போடுவதென்றால் ஆள் காவல் நிற்கணும். அதனால் கரண்டில் தானாக ஓடுவதை எடுத்தேன். மூடியை மட்டும் திறக்கக்கூடாது, சூடு போய்விடும்.

ஞாயிறு காலையில் ஆட்டுத்தொடை வைத்தோம். முதலாளியே பத்து நிமிஷத்துக்கு ஒருதடவை, "வெந்துருச்சான்னு பாப்போம் லா" என்று திறந்தார். சாயங்காலம் வரை பச்சைக்கறி! கடைசியில் வெட்டிக் குழம்பு வைத்தேன். நீ அரைக்கும் மசாலாதான் இல்லை; லீவில் ஊருக்கு வந்திருக்கும் எங்கள் பண்ணை லோகுவிடம் கொடுத்துவிடு.

என்னைப் பற்றிக் கவலைப்படாதே, நானும் தானாக ஓடுகிற ரகம்தான். வேலைக்கு ஏற்றிப்போகும் லாரி ஹாரன் அடிக்கிறது, கிளம்புகிறேன். ஆனாலும் நீ மட்டும் பத்து நிமிஷத்துக்கு ஒருதடவை போனில் கூப்பிட்டுப் பார்.

மதியழகன்