நான் நல்ல ஆள் என்று சொல்லி அனுப்பிய கோச்

என் தனா மச்சானுக்கு,

மைதானத்தைத் தாண்டும்போதெல்லாம் கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் உன் எண்ணெய் டின் கிடக்கிறதா என்று இன்னும் திரும்பிப் பார்க்கிறவன் எழுதுகிறேன்.

நீ போய் மூன்று வருஷம் ஆகிவிட்டது. இந்த நாளில் கிளப்பில் உன் படத்துக்கு மாலை போட்டு, தலைவர் என்ற முறையில் நான் நாலு வார்த்தை பேசி, எல்லோருக்கும் டீ கொடுத்து முடிப்போம். இந்த வருஷம் பேசத் தோன்றவில்லை, எழுதத்தான் தோன்றியது. நீ மட்டும் படித்தால் போதாது என்பதால் ஊர்ப் பத்திரிகைக்கே கொடுத்துவிட்டேன். திட்டக்குடியில் யாராவது ஒருவர் இதைப் படித்தாக வேண்டும். காரணத்தைச் சொல்கிறேன்.

உன்னைத் தெரியாதவர்களுக்கு முதலில் உன்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. சிதம்பரத்தில் காலேஜ் கால்பந்து டீமுக்கு இடது ஓரத்தில் ஓடியவன் நீ. மூன்றாம் வருஷமே முட்டி போய்விட்டது. வலியைச் சொன்னால் வெளியே உட்காரவைத்துவிடுவார்கள் என்று சொல்லாமலே ஆடியதில் போனது. அதற்குப் பிறகு கடலூரில் பஸ் டிப்போவில் மெக்கானிக். சாயங்காலம் கிரீஸ் சட்டையோடு மஞ்சக்குப்பம் மைதானத்துக்கு வருவாய். லைசென்ஸ், சர்டிபிகேட் எதுவும் கிடையாது. பத்தொன்பது வருஷம் நம் டீமுக்குக் கோச்சாக இருந்தாய்.

பயிற்சி தொடங்குமுன் எல்லோரையும் ஷூவைக் கழற்றச் சொல்வாய். டின்னைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொள்வாய். ஒவ்வொருவனும் நடுக்கோட்டிலிருந்து வெறுங்காலோடு உன்னை நோக்கி நடந்து வர வேண்டும்.

"பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி என்னாடா இப்பிடிப் பாக்குற?" என்று நான் கேலி செய்வேன்.

"ஷெட்டுக்குள்ள வண்டி வர்றப்பவே எந்தச் சக்கரம் பேசுதுன்னு தெரிஞ்சுடும் பாய். நீ கயித்துக்கடைக்காரன், உன் கயித்துக்கு வாய் இல்ல, அதான் உனக்குப் புரியாது."

நடையில் ஒரு சின்ன இழுப்பு தெரிந்தாலும் அவனுக்கு அன்றைக்கு ஆட்டம் கிடையாது. கெஞ்சினாலும் இல்லை, அழுதாலும் இல்லை. இப்படித்தான் ஒரு அரையிறுதியில் நம் இரண்டு நல்ல ஆட்டக்காரர்களை வெளியே உட்காரவைத்துத் தோற்றோம். அன்றைக்கு எல்லோர் முன்னாலும் நான் உன்னைத் திட்டினேன். பத்தொன்பது வருஷத்தில் ஒரு கப்பும் வாங்கித் தராத கோச் நீ. இன்றைக்கும் அதைச் சொல்வேன், உண்மைதானே?

நீ போன பிறகு வேறு கோச் தேடினோம். வந்த ஒரு விண்ணப்பம் பளபளவென்று இருந்தது. ஒரு கம்பெனி டீமில் ஆட்டக்காரர், அதில் பாதி நாள் மாற்று ஆள். பிறகு வளைகுடாவில் ஒரு கிளப்பில் உடற்பயிற்சி உதவியாளர். திரும்பி வந்து கோச் லைசென்ஸ். அதன் பிறகு ஆறு வருஷத்தில் நாலு ஊர், ஒவ்வொன்றும் முந்தினதைவிடப் பெரிய ஊர். ஒவ்வோர் ஊரிலும் ஒரு கப்.

நான் அதை வியாபாரியின் கண்ணால் படித்தேன், மச்சான். ஒரே கடையில் இருக்காமல் மேலே மேலே போகிற சேல்ஸ்மேன் கெட்டிக்காரன் என்பது என் கணக்கு. ஒவ்வொரு ஊரையும் ஏன் விட்டார் என்று கேட்கத் தோன்றவில்லை. நீ ஒரே மைதானத்தில் பத்தொன்பது வருஷம் இருந்ததை உன் சாமர்த்தியக் குறைவு என்றே நினைத்திருந்தவன் நான்.

ஆனாலும் விசாரிக்காமல் எடுக்கவில்லை. புதுப் பார்ட்டிக்கு ஒரு சுருள் நைலான் கயிறு அனுப்புவதென்றாலும் அந்த ஊர்க் கடையில் "பார்ட்டி எப்படி?" என்று கேட்காமல் அனுப்பமாட்டேன், உனக்கே தெரியும். கடைசியாக அவர் இருந்தது சிதம்பரத்தில். அங்கே கிளப் நடத்துகிற பாத்திரக்கடை அண்ணனுக்குப் போன் போட்டேன். நமக்குப் பழைய பழக்கம். "தங்கமான ஆளு பாய், கண்ணை மூடிட்டு எடுத்துக்குங்க" என்றார். எடுத்துக்கொண்டேன்.

அதிர்ந்து பேசமாட்டார். எல்லோரையும் சார் என்பார். வெள்ளை ஷூ, சின்ன நோட்டு, கையோடு ஒரு ஐஸ் பெட்டி. வந்த முதல் வாரமே உன் வெறுங்கால் நடையை நிறுத்தினார். "அது டைம் வேஸ்ட் சார்" என்றார் சிரித்துக்கொண்டே. இரண்டாவது வாரம் என்னிடம் ஒன்று கேட்டார்: நீலத் தார்ப்பாய் ஒன்றும் கொஞ்சம் கயிறும். மைதானத்து மூலையில் மறைப்புக் கட்ட வேண்டுமாம், பையன்கள் சட்டை மாற்றுவதற்கு. இருப்பதிலேயே கனமானதாகப் பார்த்துக் கொடுத்தேன்.

ஜெயிக்க ஆரம்பித்தோம், மச்சான். ஊரே பேசியது. கடைக்கு வருகிறவர்கள் கயிற்றை விட்டுவிட்டுக் கால்பந்து பேசினார்கள். எனக்கும் மனசு குளிர்ந்துதான் இருந்தது. ஒன்று மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. நீ இருந்தபோது தினமும் யாராவது ஒருத்தன் கால் வலி, இடுப்பு வலி என்று முனகிக்கொண்டிருப்பான். இப்போது ஒருத்தனும் முனகவில்லை. ஒரு டீம் முழுக்க ஒருத்தனுக்கும் வலி இல்லை என்றால் அது என்ன டீம்?

கிள்ளையிலிருந்து வருகிற மணிமாறன் உனக்கு நினைவிருக்கும். பின்வரிசையில் இடது பக்கம் ஆடுகிறவன். நீ இருந்தபோது பதினெட்டு வயசு, இப்போது இருபத்தொன்று. அப்பாவோடு படகில் போகிறவன். ஒருநாள் பாதி ஆட்டத்தில் நொண்டிக்கொண்டு வெளியே வந்தான். கோச் அவன் தோளில் கை போட்டுத் தார்ப்பாய்க்குப் பின்னால் கூட்டிப்போனார். ஐஸ் பெட்டியும் போனது. ஐந்து நிமிஷத்தில் நொண்டாமல் திரும்பி வந்து ஓடினான். இடையில் காற்றில் தார்ப்பாய் ஒரு பக்கம் விலகியபோது அவன் முட்டியில் ஊசி ஏறுவதைப் பார்த்தேன்.

நான் பார்க்கவில்லை என்று எழுதினால் எழுதலாம், யாருக்கும் தெரியாது. பார்த்தேன் மச்சான். அடுத்த வாரம் கால் இறுதி. கப் வரட்டும், பிறகு பேசிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

கப் வந்தது. சிதம்பரத்தில்தான் இறுதி ஆட்டம். நீ முட்டியை விட்ட அதே ஊர். மணிமாறன் கடைசி வரைக்கும் ஓடினான். நாலாவது நாள் படகிலிருந்து இறங்கும்போது கால் மடங்கி விழுந்தவன் எழுந்திருக்கவில்லை. டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இவ்ளோ கிழிஞ்ச முட்டிய வச்சிக்கிட்டு எப்பிடி ஓடுனான்? யாரு ஓட வச்சது?" என்று கேட்டார். அறையில் கிளப்பிலிருந்து நாங்கள் நாலு பேர் நின்றோம்.

கோச்சிடம் கேட்டேன். கொஞ்சமும் பதறவில்லை. "அவரே சம்மதிச்சாரு சார். ஆட விரும்பினாரு. வலி தெரியாம இருக்க நான் உதவி பண்ணேன்." நோட்டைக்கூடத் திறந்து காட்டினார். பெயர், நாள், எத்தனை ஊசி, எல்லாம் அழகான கையெழுத்தில் இருந்தது. மணிமாறனோடு சேர்த்து ஐந்து பெயர்கள் இருந்தன.

மறுநாள் காலையிலேயே சிதம்பரத்துக்கு பஸ் ஏறினேன். பாத்திரக்கடை அண்ணன் குத்துவிளக்கு துடைத்துக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டார்.

"உங்களுக்குத் தெரியுமாண்ணே?"

"தெரியும்."

"அப்புறம் ஏன் தங்கம்னீங்க?"

துணியைக் கீழே வைத்தார். "நீங்க எனக்கு ஒரு டிரைவர் அனுப்புனீங்களே பாய், ஞாபகம் இருக்கா? அவன் குடிப்பான்னு உங்களுக்குத் தெரியாதா? அவனப் பத்தி என்னா சொன்னீங்க எங்கிட்ட?"

நான் கீழே கிடந்த துணியை எடுத்து மடித்தேன்.

"தங்கம்னுதான சொன்னீங்க. அவன் வண்டியக் கவுத்து எங்க லோடுமேன் கை போச்சு. நான் வந்து உங்கள ஒரு வார்த்தை கேட்டனா?"

எங்கள் கடைத்தெருவின் வழக்கம் இது. வேண்டாத ஆளைத் துரத்தினால் வம்பு வரும். புகழ்ந்து சொன்னால் அடுத்த கடைக்காரன் தானே வந்து அழைத்துப் போய்விடுவான். அந்த டிரைவரை நான் அனுப்பியபோது நீ ஒன்று சொன்னாய்: "பிரேக் போன வண்டிய பெயின்ட் அடிச்சு விக்கிற பாய்." நான் சிரித்தேன்.

நாலு ஊர்களிலும் அப்படித்தான் நடந்திருக்கிறது. அந்தப் பளபள விண்ணப்பத்தில் இருந்த ஏணியின் ஒவ்வொரு படியையும் என்னைப் போன்ற ஒருவர் போட்டுக் கொடுத்திருக்கிறார். ஒவ்வோர் ஊரிலும் ஒரு கப் இருக்கிறது. ஒவ்வோர் ஊரிலும் படகில் ஏற முடியாத, மாடிப்படி இறங்க முடியாத ஒருத்தன் இருப்பானா? எத்தனை பேர் இருப்பார்கள்?

இனி வருவதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

மணிமாறன் வீட்டில் புகார் வேண்டாம் என்றார்கள். கப் வாங்கிய கையோடு கிளப்புக்குக் கெட்ட பெயர் வேண்டாம் என்றது கமிட்டி. கோச்சே விலகிக்கொள்வதாகச் சொன்னார். சரி, தொலைந்தது என்று இருந்தேன். ஒரு நாள் கடையில் கூட்டம், தராசில் கயிறு, போன் அடித்தது. திட்டக்குடி உரக்கடைக்காரர். அங்கே புதிதாக டீம் ஆரம்பித்திருக்கிறாராம்.

"ஒங்க கோச் எங்களுக்கு வரேங்குறாரு. ஆளு எப்பிடி பாய்?"

யோசித்து ஏமாற்றியிருந்தால்கூட மனசு ஆறும். யோசிக்கவே இல்லை. "நல்ல ஆளு, எடுத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு எடையைப் பார்த்தேன். சிதம்பரத்தில் தலை குனிந்து நின்று இருபது நாள்கூட ஆகியிருக்காது.

போன வாரம் அவரே மறுபடியும் கூப்பிட்டார், சந்தோஷமாக.

"கோச் அருமையான மனுஷன் பாய், ரொம்ப மருவாதி. ஒரு உதவி. நீலத் தார்ப்பாய் ஒண்ணும் கயிறும் அனுப்புங்க. கிரவுண்டு மூலையில மறைப்பு கட்டணுமாம். ஒங்க கடையிலதான் கனமா கெடைக்கும்னாரு."

தராசிலிருந்து கையை எடுத்தேன், மச்சான். அப்போதுதான் வாயைத் திறந்தேன். ஊசி, நோட்டு, மணிமாறன் முட்டி, சிதம்பரம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கடைசி வரை கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"கப் வாங்கிக் குடுத்த ஆளு கைய விட்டுப் போறாருன்னு வயித்தெரிச்சலா பாய்? போன மாசம் நல்ல ஆளுன்னீங்க, இன்னிக்கு இப்பிடிச் சொல்றீங்க. எத நம்புறது?"

அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். திரும்பவும் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்கு முதல் ஆட்டம். தார்ப்பாய் வேறு கடையிலும் கிடைக்கும்.

நேற்று கிள்ளைக்குப் போயிருந்தேன். மணிமாறன் நாற்காலியில் உட்கார்ந்து வலை பிரித்துக்கொண்டிருந்தான். குந்தி உட்கார முடியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து வலை பிரிப்பதைப் பார்த்து அவன் அப்பாவே கேலி செய்கிறாராம், "கலெக்டர் ஆயிட்டான்" என்று. அவனும் சிரித்தான். கிளம்பும்போது ஒன்று சொன்னான்.

"தனா மாமா இருந்திருந்தா என்னைய நடக்கச் சொல்லியிருப்பாரு. நான் மாட்டியிருப்பேன்."

அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை.

உன் டின் டிப்போவிலிருந்து வந்து என் குடோனில்தான் கிடக்கிறது. காலையில் எடுத்துத் துடைத்து வைத்தேன். திட்டக்குடிக்காரர்களே, கோச்சின் பெயரை நான் இங்கே எழுதவில்லை, உங்களுக்குத் தெரியும். நான் நல்ல ஆள் என்று சொன்னது பொய். பொய் என்று தெரிந்தே சொன்னேன். இதை அச்சில் போட்ட பிறகு கடைத்தெருவில் என் வாய்க்கு மதிப்பு இருக்குமா என்று தெரியவில்லை. இல்லாமல் போனால் போகட்டும்.

மச்சான், ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் போகிறேன். தார்ப்பாய் இல்லை, டின் மட்டும்தான். அந்த மைதானத்தின் நடுக்கோட்டுக்கு எதிரில் அதைக் கவிழ்த்துப் போட்டு உட்காருவேன். முன்பின் தெரியாத பதினோரு பேரையும் ஷூவைக் கழற்றி என்னை நோக்கி நடந்து வரச் சொல்வேன். கேட்பார்களா? சிரிப்பார்களா? கயிற்றுக்கடைக்காரனுக்குக் காலைப் பற்றி என்ன தெரியும் என்பார்கள். பத்தொன்பது வருஷம் உன் பக்கத்தில் நின்று டீ குடித்தவனுக்கு நொண்டுகிற கால் தெரியும். ஒருத்தன் மட்டும் நடந்து வந்தாலும் பார்ப்பேன். ஒருவரும் வராவிட்டால், வருகிற வரைக்கும் ஒவ்வொரு ஞாயிறும் போவேன்.

உன் டின்னில் இனி உட்காரப்போகிற,
உன் மச்சான்,
முதுநகர் கயிற்றுக்கடை ஜாபர்