குடத்தளவு கடல்

3 மார்ச் 1983

சங்ககிரி அருகே லாரி கவிழ்ந்து கால் போனதிலிருந்து என் வீட்டுக்காரர் கட்டிலை விட்டு இறங்குவதில்லை. பேச்சும் இல்லை. இன்று தானாகவே ஓர் ஆசை சொன்னார். கடல் மீன் வளர்க்க வேண்டுமாம். உப்பு லோடு ஏற்றத் தூத்துக்குடிக்குப் போகும்போதெல்லாம் ஓர் உப்பு வியாபாரி வீட்டில் கண்ணாடித் தொட்டியைப் பார்த்து நிற்பாராம். நாமக்கல்லில் கடல் மீனா? சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

12 மார்ச்

எவ்வளவு பெரிய தொட்டி? இரண்டு நாளாக இதே பேச்சு. “பழகற வரைக்கும் சின்னதே போதும் புள்ள. பெருசுன்னா உன்னால பாக்க முடியாது” என்றார். இடமும் இல்லை. கட்டிலும் தையல் மிஷினும் போக மீதி நடக்கத்தான். லாரிக்குக் கண்ணாடி அறுப்பவரிடம் சொல்லி, ஒரு குடம் தண்ணீர் பிடிக்கிற மாதிரி செய்து வாங்கினேன்.

20 மார்ச்

இவரோடு வண்டி ஓட்டிய அர்த்தநாரி அண்ணன் கேன்களில் கடல் தண்ணீர் கொண்டுவந்தார். பாசி படிந்த கடல் கல் ஒன்று. ஆரஞ்சில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு மீன்கள். இவர் தலைமாட்டை மாற்றித் தொட்டியைப் பார்த்துப் படுத்துவிட்டார்.

2 ஏப்ரல்

வெயில் தாங்கவில்லை. தொட்டியில் தண்ணீர் இறங்கியிருக்கிறது. நாக்கில் வைத்துப் பார்த்தேன் — முன்னைவிட அதிகமாகக் கரித்தது. ஒரு மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறது. “என்னமோ பண்ணு புள்ள” என்கிறார். என்னத்தப் பண்ணுவேன்? நல்ல தண்ணி ஊத்தறதா, கடல் தண்ணியா? இந்த ஊர்ல யாரப் போய்க் கேக்கறது?

3 ஏப்ரல்

செத்துப் போச்சு.

10 ஏப்ரல்

அர்த்தநாரி அண்ணன் அந்த வியாபாரியிடம் விசாரித்து வந்தார். “தப்புப் பண்ணிட்டமுங்க அம்மணி. சின்னத் தொட்டி வெரசா சூடாவுது, வெரசா கெட்டும் போவுது. தண்ணிதான் ஆவியாவுமாம், உப்பு அங்கியே நிக்குமாம். புதுசா வளக்கறவங்களுக்குப் பெருசுதான் சுலுவுங்களாம். கட்டில் நீளத்துக்கு வேணுமுங்க.”

இவர் மிஷினைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அது ஓடினால்தான் அடுப்பு எரியும்.

18 ஏப்ரல்

மிஷினை வெளியே போட்டுக்கொள்கிறேன் என்றேன். தலையை ஆட்டினார். “வேண்டாம். இருக்கற ஒண்ணும் சாவறதுக்குள்ள கடலுக்கே போவட்டும்.” நாளைக்கு அண்ணன் வண்டி தூத்துக்குடிக்குப் போகிறது. ஆனால் வழியெல்லாம் மீனை யார் பார்ப்பது? அண்ணனுக்கு ஸ்டீரிங்கைப் பிடிக்கவே கை சரி.

19 ஏப்ரல்

“நான் போறேன்” என்றார்! அண்ணன் மேலிருந்து இழுக்க, நான் கீழிருந்து தாங்க, எப்படியோ கேபினில் ஏறினார். வலியில் முகம் வெளிறிவிட்டது. மீன் கேனை மடியில் வாங்கிக்கொண்டு, “வாரேன் புள்ள” என்றார். நான் ரோட்டிலேயே நின்றேன்.

5 மே

அர்த்தநாரி அண்ணன் மட்டும் திரும்பி வந்தார். “அவர் எங்கே?” என்று வாசலுக்கு ஓடினேன்.

“பயப்படாதீங்க அம்மணி. மீன் தப்பிச்சிருச்சு, அந்த வியாபாரி தொட்டியில உட்டாச்சு. அவரு உப்பளத்துலயே இவனுக்கு எடை எழுதற வேலையும் குடுத்திருக்காருங்க. உக்காந்து பாக்கற வேலை. ஒரு ஊடும் பாத்தாச்சு. உங்களக் கூட்டியாரச் சொன்னான்.”

தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு, “கடல் பாத்திருக்கீங்களா?” என்று கேட்டார்.

இல்லை என்றேன்.