முதல் பாடத்துக்கு முன்னால் நீ செய்த வேலை

எங்கள் எல்லோருக்கும் முன்னால் கண்விழித்த என் அம்மாவுக்கு,

நீ கண்ணை மூடிய பிறகு கிள்ளானில் மழை ஓய்ந்துவிட்டது. ரப்பர் மரங்கள் மறுபடி நன்றாகப் பால் தருகின்றன என்று அப்பா சொல்கிறார். பிரிக்பீல்ட்சிலிருந்து ரயில்வே மாமா வந்து எனக்குப் புத்தகங்கள் கொடுத்துவிட்டுப் போனார். எல்லாவற்றையும் படித்துவிட்டேன். ஆனால் நான் சொல்ல வந்தது அது அல்ல. உன் பிள்ளைக் கொட்டகையின் சேதி.

உன் இடத்துக்குக் கேரி தீவிலிருந்து வேளாயி அக்கா ஆயாவாக வந்திருக்கிறார். நல்லவர். தோட்டத்து விதிப்படி, வெயில் வந்த பிறகுதான் கொட்டகையைத் திறப்பார். பால் வெட்டும் அம்மாக்களோ இருட்டோடு பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்துவிட்டு, அப்படியே மரத்துக்குப் போய்விடுகிறார்கள். கொட்டகை திறக்கும்வரை கைக்குழந்தையை யார் வைத்திருப்பது? அக்காள்காரிதான். குழந்தையை அங்கே இறக்கிவிட்டு அவள் பள்ளிக்கு ஓடிவருவதற்குள் மணி அடித்துவிடும்.

தாமதமாக வருகிறவர்கள் முதல் பாடம் முடியும்வரை வெளியே நிற்க வேண்டும். "மகாராணிக்குப் பல்லக்கு வர நேரமாச்சோ?" என்று வாத்தியார் கேட்பார். நாங்கள் சிரிப்போம். முதல் பாடம் எப்போதும் வாசிப்பு. அதற்குப் பிறகுதான் கணக்கு. ஒருநாள் எனக்குச் சட்டென்று புரிந்தது. வெளியே நிற்கிற பெண்களுக்கெல்லாம் கணக்கு வருகிறது. தங்கள் பேரை வாசிக்க மட்டும் வரவில்லை.

நீ இருந்தபோது யாருமே வெளியே நிற்கவில்லையே அம்மா. அது ஏன் என்று நான் யோசித்ததே இல்லை.

அடுத்த வீட்டு முனியம்மாவால்தான் யோசித்தேன். அவள் தம்பி ராசு இப்போது தவழ்கிறான். அவள் அடிக்கடி வெளியே நிற்கிறாள் என்று அவள் அப்பா மாரிமுத்து மாமாவுக்குத் தெரிந்துவிட்டது. "வெளிய நிக்கிறதுக்கு எதுக்குப் பள்ளிக்கூடம்? மரத்துகிட்ட நின்னா பட்டையில காஞ்ச ஒட்டுப்பாலாவது பொறுக்கலாம். இன்னொரு தடவ நிக்கவச்சா அன்னைக்கோட சரி" என்று சொல்லிவிட்டார். முனியம்மா அழவில்லை. என் புத்தகத்தை வாங்கி, மூடி, அட்டையைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

அன்று அப்பாவிடம் கேட்டேன். அவர் என்னை வியப்பாகப் பார்த்தார்.

"உனக்குத் தெரியாதா பிள்ள? பெரட்டு மணிக்கு முன்னாலேயே உங்கம்மா ஒவ்வொரு வீடாப் போயி புள்ளைங்கள வாங்கிருவா. தோள்ல ஒண்ணு, இடுப்புல ஒண்ணு. கொண்டுபோய்ப் போட்டுட்டு மறுபடி வருவா."

"ஆபீசுக் கிராணி செய்யச் சொன்னாரா?"

"யாரு சொல்லுவா? மணி அடிக்கயில பொம்பளப் புள்ளைங்க உள்ள உக்காந்திருக்கணும்னு அவளுக்கு. அவ்வளவுதான்."

அந்த நேரமெல்லாம் நீ தண்ணீர்க் குழாயடியில் நிற்கிறாய் என்று நினைத்து நான் புரண்டு படுத்திருக்கிறேன். எங்கள் லயத்து வரிசை வீடுகளின் அத்தனை பெண்களும் உன் தோள் வழியாகவா அம்மா பள்ளிக்குப் போனார்கள்?

வேளாயி அக்காவிடம் ஓடினேன். "காலு வீங்கிக் கெடக்கு, நான் வீடு வீடா நடக்கமாட்டேன் லா. நீ தூக்கிட்டு வந்தா கதவத் தொறக்கறேன். அதுக்கு மேல கேக்காத" என்றார். அது போதும் என்று நினைத்தேன்.

கொட்டகை சுத்தமாக இருக்க வேண்டுமென்று சுகாதாரப் பாடத்தில் படித்திருக்கிறேனே. அதனால் ஞாயிற்றுக்கிழமை தொட்டில் சேலைகளையெல்லாம் அவிழ்த்து, சவுக்காரம் போட்டுத் துவைத்து, வெயிலில் காயவைத்துக் கட்டினேன். வெள்ளைக்காரத் துரை வந்து பார்த்தாலும் குறை சொல்ல முடியாது.

திங்கட்கிழமை இருட்டில் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு போனேன். தொட்டிலில் போட்டதும் ஒன்று விழித்தது. அது அழ, எல்லாம் விழித்தன. ராசு கத்திய கத்தல் பெரட்டுக் களம்வரை கேட்டதாம். முனியம்மா ஓடிவந்து அவனைத் தூக்கினாள். இறக்கினால் மூச்சுப் பிடித்துக்கொண்டு அழுதான். மணி அடித்தபோது அவள் கொட்டகையில்தான் இருந்தாள். பிறகு போய் வெளியே நின்றாள்.

சாயங்காலம் மாரிமுத்து மாமா சத்தம்கூடப் போடவில்லை. "நாளைக்கு மரத்துக்கு வா" என்று மட்டும் மகளிடம் சொன்னார்.

அவர் மனைவி அஞ்சலை அத்தை எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் துவைத்த கதையைக் கேட்டுச் சிரித்தார்.

"அடி படிச்சவளே, துணியோட ஆத்தா வாசனையையும் சேர்த்தா அலசுவ? அது அவுங்கவுங்க ஆத்தா கட்டுன சேல. புள்ளைக்கு மூக்குதான் கண்ணு. உங்கம்மா அத அலசவே விடமாட்டா. அழுக்கேறிப்போச்சுன்னா, அன்னைக்கு நாங்க கட்டியிருந்ததக் கேட்டு வாங்கிக் கட்டுவா."

சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய், வேலைக்குக் கட்டிப்போன சேலையை மாற்றி, என் கையில் கொண்டுவந்து கொடுத்தார். பால் புளித்த வாசனை குப்பென்று வந்தது. பிறகு வீடு வீடாகப் போய் மற்ற அம்மாக்களிடமும் சொன்னார். கடைசியில் மாமாவிடம், "நாளைக்கு ஒரு நாள் பாரு. மரம் எங்கயும் ஓடிப்போயிறாது" என்றார். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அன்று உன் தகரப்பெட்டியைத் திறந்தேன் அம்மா. உன் நீலச் சேலையை இன்னும் யாரும் துவைக்கவில்லை. ராசுவுக்குத் தெரிந்தது எனக்கும் அப்போது தெரிந்தது.

மறுநாள் ஒவ்வொரு வாசலிலும் ஒரு குழந்தையும் ஒரு சேலையும் எனக்காகக் காத்திருந்தன. வேளாயி அக்கா விளக்கைப் பிடிக்க, நான் துவைத்த சேலைகளை அவிழ்த்துவிட்டு அம்மாக்கள் உடுத்திக் கொடுத்தவற்றைக் கட்டினேன். ஒன்றுகூட அழவில்லை. ராசு சேலை மடிப்பில் மூக்கைப் புதைத்தான், அவ்வளவுதான். அத்தனை அம்மாக்களும் தொலைவில் மரங்களுக்கு நடுவே இருந்தார்கள். அத்தனை பேரும் அங்கே அந்தக் கொட்டகைக்குள்ளும் இருந்தார்கள். எனக்கு மூச்சுவிடவே தயக்கமாக இருந்தது. நீ தினமும் இதற்கு நடுவிலா நின்றாய்? ஒரு நாள்கூட எங்களிடம் சொல்லாமல் எப்படி இருந்தாய்?

மணி அடித்தபோது முனியம்மா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். வாசலில் யாருமே இல்லாததைப் பார்த்த வாத்தியார், "இன்னைக்கு என்ன, எல்லாப் பல்லக்கும் வந்துட்டுதா?" என்றார். இந்தத் தடவை முனியம்மாதான் முதலில் சிரித்தாள்.

புதன்கிழமை நான் முனியம்மா வீட்டு வாசலுக்குப் போனபோது கதவு திறந்து கிடந்தது, ஆள் இல்லை. மாமா அவளை மரத்துக்குக் கூட்டிப்போய்விட்டார் என்று பயந்து கொட்டகைக்கு ஓடினேன். அங்கே மாரிமுத்து மாமா இருட்டில் தனியாக நின்றிருந்தார். தோளில் ராசு தூங்கினான். கக்கத்தில் அஞ்சலை அத்தையின் சேலை. லயத்தில் எந்த ஆண்பிள்ளையும் அப்படி வந்து நான் பார்த்ததில்லை.

"வாங்கிக்க பிள்ள, பெரட்டுக்கு நேரமாச்சு" என்றார். பிறகு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, "ராத்திரி பூரா ஏதோ வாசிச்சிக் காட்டுறேன்னு தூங்க விடல அவ. இன்னைக்கும் சீக்கிரமாப் போகணுமாம்" என்றார்.

அம்மா, வேளாயி அக்காவின் கால் ஆறுகிறவரைக்கும், ஆறின பிறகும், பெரட்டு மணிக்கு முன்னால் நான் எழுந்துவிடுவேன். நம் லயத்துப் பெண் ஒருத்தியும் வாசிப்பு நேரத்தில் வெளியே நிற்கமாட்டாள். இது நான் உனக்குக் கொடுக்கிற வாக்கு.

உன் தோளில் இடம் கேட்காமலே தூங்கி வளர்ந்த உன் மூத்த மகள்,
கமலம்