தையல் அறையின் சாவி

டீச்சர்,

காலையில் தையல் மிஷினுக்கு எண்ணெய் விட்டேன். அந்த வாடை மூக்கில் ஏறியதுமே உங்கள் தையல் அறை ஞாபகம் வந்துவிட்டது. இன்றைக்குப் பிளஸ் டூ ரிசல்ட். கீழ்வீட்டுப் பெண்ணும் எழுதியிருக்கிறாள். ரிசல்ட் போனிலேயே வந்துவிட்டதாம். அந்த வீட்டுக் கதவு மட்டும் இன்னும் திறக்கவில்லை. உங்களைத் தவிர வேறு யாரிடம் புலம்புவேன்?

ஆவடிப் பள்ளியில் நீங்கள் தையல், நான் கணக்கு. கோடைப் பயிற்சிக்கு அனுப்ப வேறு ஆள் கிடைக்காமல் உங்களை அனுப்பினார்கள். மாணவர் ஆலோசகராகத் திரும்பி வந்தீர்கள். தனி ஆலோசனை, குழு ஆலோசனை, தொழில் வழிகாட்டல், நெருக்கடி ஆலோசனை என்று நீங்கள் அடுக்கியபோது, "டீச்சர், இதுல ஊசி எங்க வருது?" என்று கிண்டல் செய்தவள் நான்.

தலைமையாசிரியை ஓர் அறை ஒதுக்கி, 'ஆலோசனை அறை' என்று பலகையும் மாட்டினார். ஒரு பெண்கூட எட்டிப் பார்க்கவில்லை. எப்படி வருவாள்? எல்லாருடைய அப்பாவுக்கும் ஒரே தொழிற்சாலை, எல்லாருக்கும் குவார்ட்டர்ஸில் வீடு. மத்தியானம் அந்த வாசற்படியை மிதித்தவளைப் பற்றி, தொழிற்சாலையின் சாயங்காலச் சங்கு ஊதுவதற்குள் குவார்ட்டர்ஸ் முழுக்கப் பேச்சாகிவிடும்.

நீங்களே பலகையைக் கழற்றிவிட்டுத் தையல் அறைக்குத் திரும்பினீர்கள். அங்கே பெண்கள் வட்டமாக உட்கார்ந்து ஓரம் அடித்தார்கள். கை வேலையில், கண் துணியில். வாய் தானாகத் திறந்தது. உங்கள் குழு ஆலோசனை அதுதான். தனியாகப் பேச வேண்டியவளைத் தையல் பிரிக்க நிறுத்திக்கொள்வீர்கள். வீட்டுக்குப் போகவேண்டும் என்றால் கழுத்தில் அளவு டேப் போதும். தையல் டீச்சர் எந்த வீட்டுக்குள் போனாலும் யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

கலா அப்படித்தான் வாய் திறந்தாள். பிளஸ் டூ அரையாண்டில் தோற்றதிலிருந்து அவள் அப்பா அவளோடு பேசுவதை நிறுத்தியிருந்தார். "நான் இல்லன்னா ஊட்ல எல்லாம் நிம்மதியா இருப்பாங்க டீச்சர்" என்றாளாம், தையலைப் பிரித்தபடியே. "நீ சொல்றது எதையும் வெளிய சொல்ல மாட்டேன். இதை மட்டும் உங்க அம்மாகிட்ட சொல்லியே ஆகணும்" என்று அவள் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, அன்றைக்கே டேப்போடு போனீர்கள். அவள் அம்மா சிரித்தார். "அத்த உடுங்க டீச்சர், வாயில வந்தத பேசிகினு கீது."

நீங்கள் சிரிக்கவில்லை. பரீட்சை முடிந்ததும் தையல் அறைச் சாவியைக் கலாவிடமே கொடுத்தீர்கள். "லீவுல மிஷினுங்க துரு பிடிச்சிடும். அப்பப்ப வந்து எண்ணெய் போடு" என்றீர்கள். தலைமையாசிரியையிடம் அதற்காக வாங்கிக் கட்டிக்கொண்டீர்கள்.

ரிசல்ட் அன்று மாலைப் பேப்பரில் அவள் நம்பர் இல்லை. என்னையும் இழுத்துக்கொண்டு அவள் வீட்டுக்கு ஓடினீர்கள். அவள் அம்மா தெருவிலேயே நின்றிருந்தார். "கோயிலுக்குன்னு சொல்லிகினு போச்சு டீச்சர். அங்க இல்ல. எங்க போச்சுன்னே தெர்ல." அவர் சிரித்த முகத்தை அதற்குப் பிறகு நான் பார்க்கவே இல்லை.

நீங்கள் அவரையும் கூட்டிக்கொண்டு பள்ளியை நோக்கி நடந்தீர்கள். ஸ்டேஷன் பக்கம் ரயில் சத்தம் கேட்டபோதெல்லாம் உங்கள் கையைப் பிடித்தேன். நீங்கள் இன்னும் வேகமாக நடந்தீர்கள்.

தையல் அறை திறந்திருந்தது. உள்ளே எண்ணெய் வாடை. கலா தரையில் உட்கார்ந்து, வீங்கிய கண்ணோடு ஒரு மிஷினைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் அம்மா வாசலிலேயே அழுதபடி உட்கார்ந்துவிட்டார். நீங்கள் மார்க்கைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, அடுத்த மிஷினின் மூடியைத் தூக்கி, "இதுக்கும் போடணும்" என்றீர்கள். அப்புறம்தான் அவள் உங்கள் மடியில் விழுந்து அழுதாள்.

திரும்பும்போது, "அங்க இருப்பான்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?" என்று கேட்டேன். "தெரியாது டீச்சர். வேண்டிக்கிட்டேன், அவ்வளவுதான்" என்றீர்கள். பிறகு, "இந்த பயம் விட்டுப் போச்சுன்னா இந்த வேலைய விட்டுடணும்" என்றீர்கள்.

கலா மறுதேர்வு எழுதித் தேறினாள். இப்போது வேப்பம்பட்டில் இருக்கிறாள். நீங்கள் இறந்துபோன சேதியைப் போனில் சொன்னதே அவள்தான்.

நீங்கள் ஓய்வு பெற்றதும் அந்தச் சாவி என்னிடம் வந்தது. ஊசியில் நூல் கோக்கத் தெரியாத கணக்கு டீச்சர், உங்களுக்காகவே தையல் கற்றேன். நானும் ஓய்வு பெற்று, சாவியைக் கொடுத்துவிட்டு வந்தாயிற்று. பயத்தை மட்டும் யாரிடமும் ஒப்படைக்க முடியவில்லை.

கீழே கதவு இன்னும் சாத்தித்தான் இருக்கிறது. எழுதியது போதும். டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டேன். அந்தப் பெண்ணின் அம்மாவிடம், ஜாக்கெட்டுக்கு அளவு எடுக்க வந்தேன் என்று சொல்லப்போகிறேன். அவர் சுடிதார் தவிர எதுவும் போடுவதில்லை. பரவாயில்லை டீச்சர், கதவைத் திறந்தால் போதும்.